குளம் வெட்டும் முன் தவிட்டுப் பானையைப் பாருங்கள்

2012 முதல் 2016 வரை நான்கு ஆண்டுகள் மலாவி நாட்டின் தெற்கே, சோம்பா மாவட்டத்தில் மீன் வளர்ப்புப் பணியில் இருந்தேன். தூத்துக்குடியில் மீன்வளம் படித்துவிட்டு, பவானிசாகர் பக்கம் கட்லா, ரோகு குஞ்சுகளோடு சில வருடம் கழித்துவிட்டுப் போனவன். இப்போது நம் பிள்ளைகள் பலர் தொண்டு நிறுவனங்கள் வழியாக ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறார்கள். போவதற்கு முன் என்னிடம் பேச வருகிறவர்கள் குளத்தின் நீளம், அகலம், ஆழம் கேட்கிறார்கள். பஞ்ச மாதத்தில் அந்தக் குளத்துக்கு என்ன ஆகும் என்று கேட்பதில்லை. நானும் கேட்காமல்தான் போனேன். அதனால் இந்தக் குறிப்பை அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் சொல்வதெல்லாம் மலாவியில் கற்றது. அங்கே ஆண்டு முழுக்க மக்காச்சோளக் களிதான் சாப்பாடு. ந்சிமா என்பார்கள். தொட்டுக்கொள்ள இருப்பது ந்திவோ: கீரை, பயறு, கிடைத்தால் மீன். மலாவி ஏரியும் சில்வா ஏரியும் தந்த மீன்தான் அந்த மக்களின் விலங்குப் புரதத்தில் பெரும்பங்கு. 1970-களில் ஆளுக்கு ஆண்டுக்கு 14 கிலோ மீன் சாப்பிட்ட நாடு அது. நான் போன காலத்தில் அதில் ஏறக்குறைய பாதிதான். ஏரியில் மீன் குறைந்தது, வாய்கள் பெருகின. நான் போய் இறங்கிய 2012-இல் சில்வா ஏரி பெருமளவு வற்றிக் கிடந்தது. "ஏரி கைவிட்டால் குளம்" என்ற யோசனை பிறப்பது இயல்புதானே. யோசனை சரி. அதைச் செய்யும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் பசியின் நாட்காட்டியை எழுதுங்கள்

போன முதல் வாரம் மண்வெட்டியைத் தொடாதீர்கள். ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, நான்கைந்து வீடுகளில் உட்கார்ந்து பேசுங்கள். எந்த மாதம் களஞ்சியத்தில் மக்காச்சோளம் இருக்கிறது, எந்த மாதம் தீர்கிறது, எப்போது கூலி வேலைக்கு அலைகிறார்கள் என்று கேளுங்கள்.

தெற்கு மலாவியில் மழை நவம்பரில் தொடங்கும், ஏப்ரலில் அறுவடை. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பசி. அந்த மாதங்களில் ஆண்களும் பெண்களும் அடுத்தவர் வயலில் களையெடுத்து அன்றாடம் மாவு வாங்குவார்கள். அந்தத் துண்டு வேலைக்குக் கன்யு என்று பெயர். அப்போது போய் "கரையைச் சீர் செய்யுங்கள், எரு போடுங்கள்" என்று சொன்னால் யார் வருவார்கள்? ஒரு நாள் கன்யு போனால்தான் அன்று இரவு அடுப்பு எரியும்.

எனவே வெட்டுவது, கரை போடுவது எல்லாம் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும். அது குளிர்காலம், மண் கெட்டியாக இருக்கும், வயிற்றிலும் சோறு இருக்கும். அந்தக் குளிரில் அங்கே வளர்க்கும் திலேப்பியா (நம் ஊர் ஜிலேபி மீனின் இனம்) வளராது, தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் இரையையே சரியாகத் தொடாது. செப்டம்பரில் வெயில் ஏறியதும் குஞ்சு விடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில், களஞ்சியம் காலியாகிற நேரத்தில், மீன் சட்டிக்கு வரும். நாங்கள் முதல் ஆண்டு டிசம்பரில் குஞ்சு விட்டோம். பணம் வந்தது அப்போதுதான், அந்த நிதியாண்டுக்குள் செலவு காட்ட வேண்டும் என்றார்கள். அந்த மீன் ஜூன் மாதம், வீடு நிறைய மக்காச்சோளம் இருக்கும்போது, குளிரில் வளராமல் விரல் நீளத்தில் நின்றது.

தவிடு

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நான் தவறு செய்த இடம் இது.

பாடப்புத்தகப்படி சிறு விவசாயியின் குளத்துக்கு இரை மக்காச்சோளத் தவிடு. அங்கே மதேயா என்பார்கள். 200 சதுர மீட்டர் குளத்துக்கு ஒரு பருவத்துக்கு ஐம்பது கிலோ மூட்டை இரண்டு இருந்தால் ஓட்டிவிடலாம். காசு கொடுத்து வாங்கும் மிதவைத் தீவனம் அந்த மக்களுக்கு எட்டாது. அதற்கான சோயாவை நாடே பல பசி வயிறுகளுக்குப் பங்கு போட வேண்டியிருக்கிறது. தவிடு வீட்டிலேயே கிடைப்பது, இலவசம் என்று கணக்குப் போட்டுத்தான் நாங்கள் திட்டம் எழுதினோம்.

இரண்டாம் ஆண்டு ஜனவரியில் ஒரு வீட்டுக்குப் போனேன். நல்ல குளம், நல்ல கரை. ஆனால் மூன்று வாரமாக இரை போடவில்லை என்பது தண்ணீரைப் பார்த்ததுமே தெரிந்தது. அந்த அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அங்கே வயதில் மூத்த பெண்களை அமாயி என்று கூப்பிட வேண்டும். எங்கள் கொங்குப் பக்கத்தில் அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள், அங்கே அமாயி என்றால் அம்மா. அந்த அமாயி பதில் பேசவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். உள்ளே பழுப்பு நிறத்தில் களி. தவிட்டைத்தான் கிளறியிருந்தார்கள். ஐந்து பிள்ளைகள் அந்த வீட்டில்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: பஞ்ச மாதத்தில் குளமும் குழந்தையும் ஒரே மூட்டைக்குப் போட்டி போடுகின்றன. தவிடு தின்னாத வீட்டிலும் அந்த மாதங்களில் தவிடு இருக்காது. மிகுதியாக இருக்கும்போது மக்காச்சோளத்தைக் குத்தித் தவிட்டை நீக்கி வெள்ளை மாவு அரைப்பார்கள். கையிருப்பு குறைந்தால் தவிட்டோடு சேர்த்தே அரைத்துவிடுவார்கள். ம்கைவா என்று பெயர் அதற்கு. அதில் மீனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

அதனால் எந்த நாட்டுக்குப் போனாலும் இதைச் செய்யுங்கள். மீனுக்கு என்ன இரை போடப் போகிறீர்கள் என்று தீர்மானித்ததும், அதே பொருளை மனிதர் எந்த மாதம் சாப்பிடுகிறார்கள் என்று விசாரியுங்கள். சாப்பிடுகிறார்கள் என்றால் உங்கள் திட்டத்தில் அந்த மாதங்களுக்கு அந்த இரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாற்று உண்டு. மே, ஜூனில் அரவை மில்லில் தவிடு குவிந்து கிடக்கும்போது இரண்டு மூட்டை வாங்கி, நன்றாகக் காயவைத்து, தரையில் படாமல் பரணில் ஏற்றுங்கள். குளத்தின் மூலையில் மூங்கில் குச்சி நட்டு ஒரு தொட்டி போலக் கட்டி, அதில் புல், ஆட்டுப் புழுக்கை, கோழி எரு, சாம்பல் அடுக்கி வையுங்கள். தண்ணீருக்குள்ளேயே மக்கும், பாசி பிடிக்கும், மீன் அதைத் தின்னும். வாரம் ஒரு முறை கோலால் கிளறிவிட்டால் போதும். தண்ணீர் பச்சையாக இருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். கையை முழங்கை வரை விடுங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் பசுமை போதும். தெளிவாகத் தெரிந்தால் எரு போதவில்லை. முழங்கை வருவதற்கு முன்பே கை மறைந்துவிட்டால் எருவை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும், காற்றுப் போதவில்லை என்று பொருள்.

இலை தின்னும் மீனையும் சேர்த்து விடுங்கள். சிலுங்குனி என்று அங்கே சொல்லும் திலேப்பியா வகை நேப்பியர் புல், பப்பாளி இலை, முட்டைக்கோசின் வெளி இலை எல்லாம் தின்னும். பூசணி இலையைப் போடச் சொல்லாதீர்கள், அதை மனிதர் சாப்பிடுகிறார்கள்.

குளம் யாருடையது

தெற்கு மலாவியில் நிலம் தாய்வழி. கல்யாணம் ஆனதும் ஆண் மனைவியின் ஊருக்குக் குடிபோகிறான். நிலம் அவளுடையது. அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் சொல்லுக்குத்தான் மதிப்பு. நம் ஊரிலும் தாய்மாமனுக்கு மரியாதை உண்டு என்றாலும், அங்கே நிலத்தைப் பற்றிய பேச்சே அவர் இல்லாமல் நடக்காது.

நாங்கள் என்ன செய்தோம்? பயிற்சிக்கு "குடும்பத் தலைவர்களை" அழைத்தோம். வந்தவர்கள் எல்லாம் கணவன்மார்கள். குளம் வெட்டினார்கள், குஞ்சு வளர்ப்பைக் கற்றார்கள். அப்புறம் ஒருவர் இறந்தார், இரண்டு பேர் மணமுறிவாகித் தங்கள் தாய் ஊருக்குத் திரும்பினார்கள். குளம் அங்கேயே இருந்தது, அதை வளர்க்கத் தெரிந்தவர் போய்விட்டார். மூன்றாம் ஆண்டிலிருந்து மனைவியும் அவளுடைய சகோதரிகளும் வந்தால்தான் பயிற்சி என்று மாற்றினோம். தாய்மாமனிடம் முதலில் போய் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கயிறு பிடித்து அளந்தோம்.

வேறு நாட்டில் முறை வேறாக இருக்கும். தந்தைவழி நிலமாக இருந்தால் மனைவி உழைத்த குளத்தைக் கணவன் இறந்ததும் அவன் அண்ணன் தம்பிகள் எடுத்துக்கொள்ளலாம். "பத்து வருடம் கழித்து இந்த நிலம் யாரிடம் இருக்கும்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாத இடத்தில் குளம் வெட்ட வேண்டாம்.

சங்கம் சேர்த்துப் பொதுக் குளம் வெட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள். முதலாண்டு உணவுக்கு வேலை என்ற முறையில் மாவு கொடுத்து ஆள் சேர்த்து, சங்கங்களுக்காக பதினொரு குளம் வெட்டினோம். மூன்று ஆண்டுக்குப் பின் இரண்டில்தான் மீன் இருந்தது. அந்த இரண்டையும் ஒவ்வொரு குடும்பம் தன்னுடையதாக எடுத்துக்கொண்டிருந்தது. மாவுக்காக வெட்டினார்கள், மாவு கிடைத்தது, வேலை முடிந்தது. அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை.

மண், தண்ணீர், தூரம்

இதெல்லாம் படித்திருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஈர மண்ணை உருண்டை பிடித்துத் தலைக்கு மேல் எறிந்து பிடியுங்கள். உடையாவிட்டால் களிமண் போதும். இடுப்பளவு குழி தோண்டி மாலையில் தண்ணீர் நிரப்புங்கள். காலையில் இறங்கியிருக்கும், மண் குடித்திருக்கும். மறுபடி நிரப்பி மூடி வையுங்கள். அடுத்த நாள் பெரும்பகுதி நின்றால் அந்த இடம் ஆகும். மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பல்.

செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் நிற்கிறதா என்று அந்த மாதத்திலேயே போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் எல்லா இடமும் குளத்துக்கு ஏற்ற இடமாகத்தான் தெரியும். மலாவியில் தம்போ என்ற தாழ்ந்த ஈரநிலங்கள் உண்டு, கோடையிலும் ஊற்று இருக்கும், ஓரத்தில் காய்கறி போடுவார்கள். குளத்துக்கு நல்ல இடம். ஆனால் தம்போவின் அடிமடியில் வெட்டாதீர்கள். 2015 ஜனவரி வெள்ளத்தில் தெற்கு மலாவி மூழ்கியபோது அடியில் இருந்த எங்கள் குளங்கள் கரையோடு போயின. மேட்டு ஓரத்தில், சுற்றிலும் வடிகால் வெட்டியிருந்தவை தப்பின. அடுத்த ஆண்டே வறட்சி. 2016-இல் அந்த நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உணவு உதவி தேவைப்பட்டது. அந்தக் கோடையில் குளத்துத் தண்ணீரை வாளியில் மொண்டு கீரைக்கும் தக்காளிக்கும் ஊற்றியவர்கள் பலர். மீன் குறைந்தது, ஆனால் வீட்டில் கீரை இருந்தது. குளத்தை மீனுக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. கரையில் காய்கறி, அடியில் சேறு உரம், நடுவில் மீன் என்று சேர்ந்திருக்கும் குளத்தைத்தான் கஷ்டகாலத்திலும் யாரும் கைவிடுவதில்லை.

தூரத்தைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் இருக்க வேண்டும். நீர்நாய், உடும்பு, மீன்கொத்தி, திருடர் எல்லாருக்கும் அதுவே மருந்து.

நத்தையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கே நன்னீர் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா நோய் சாதாரணம், சிறுநீரில் ரத்தம் போகும். கரைப் புல் தண்ணீரில் தொங்கினால் நத்தை பெருகும். புல்லை வெட்டுங்கள், ஓரத்தை ஆழமாக வையுங்கள், குளத்தில் இறங்குகிறவர்களுக்கு ஆண்டுதோறும் பிராசிகுவாண்டல் மாத்திரை கிடைக்கிறதா என்று சுகாதார நிலையத்தில் கேட்டு வையுங்கள். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

குஞ்சு எங்கிருந்து வரும்?

ஒரு நாட்டில் மீன் வளர்ப்பு வேர் பிடிக்குமா என்பதைக் குஞ்சு விற்பவரைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது என் நம்பிக்கை.

வங்கதேசத்தில் ஜெசோர் பக்கம் பார்த்தால், அலுமினியப் பானையில் குஞ்சை எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் கிராமம் கிராமமாகப் போகிற வியாபாரிகள் இருக்கிறார்கள். பாதில்வாலா என்று பெயர். வழியெல்லாம் கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே போவார்கள், காற்றுக் கலக்க வேண்டுமே. குஞ்சு செத்தால் நஷ்டம் அவர்களுக்கு. எந்தக் குளத்தில் எந்த மீன் போகும் என்பதையும் அவர்களே சொல்லித் தருவார்கள். 1974-இல் பஞ்சம் கண்ட நாடு இன்று உலகில் மீன் வளர்ப்பில் முன்வரிசையில் நிற்பதற்கு இவர்களும் தனியார் பொரிப்பகங்களும் பெரிய காரணம்.

கென்யாவில் 2009-இல் அரசே முன்வந்து 140 தொகுதிகளில், தொகுதிக்கு 200 குளம் வெட்டிக் கொடுத்தது. குஞ்சும் தீவனமும்கூடக் கொடுத்தது. வளர்ப்பு மீன் உற்பத்தி 2014-இல் சுமார் 24,000 டன்னுக்குப் போனது. 2016-இல் சுமார் 15,000 டன்னாக இறங்கியது. மானியம் நின்றதும் தீவன விலை தாங்கவில்லை, நல்ல குஞ்சும் கிடைக்கவில்லை. அதற்காக அந்த முயற்சியே வீண் என்று சொல்ல மாட்டேன், அதில் பிழைத்து நின்ற பண்ணைகளும் பொரிப்பகங்களும் உண்டு. ஆனால் இலவசமாகக் குஞ்சு கொடுக்கும் ஊரில் குஞ்சு விற்றுப் பிழைக்க யாரும் வரமாட்டார்கள் என்பதை நான் சோம்பாவில் கண்ணால் பார்த்தேன். ஒரு வாலிபர் இரண்டு குளத்தில் குஞ்சு வளர்த்து சைக்கிளில் வாளி கட்டி விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் இலவசமாகக் கொடுத்தோம், அவர் கடையைக் கட்டிவிட்டார். நாங்கள் போன பிறகு யாரிடம் வாங்குவார்கள்? அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆகவே, ஏற்கெனவே விற்கிறவர் இருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அவரிடம் காசு கொடுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஊருக்கு ஒருவரை உருவாக்குங்கள். மலாவியில் சோம்பாவுக்குப் பக்கத்தில் டோமாசியில் தேசிய மீன் வளர்ப்பு மையம் இருக்கிறது. தாய்மீனுக்கும் பயிற்சிக்கும் அது நல்ல இடம். ஆனால் நூறு கிலோமீட்டர் தாண்டியிருக்கிற கிராமத்துக்கு வாளியில் குஞ்சு உயிரோடு போய்ச் சேராது. குஞ்சு விற்பவர் ஒரு நாள் சைக்கிள் தூரத்தில் இருக்க வேண்டும்.

எந்த மீன்

போனவுடன் எல்லாரும் கேட்பது நைல் திலேப்பியாவைத்தான். வேகமாக வளரும். எகிப்தில் அதுதான் ராஜா. நான் இருந்தபோது மலாவியில் அதை விடச் சட்டம் அனுமதிக்கவில்லை. விவசாயிகளில் சிலருக்கு இதில் வருத்தம் இருந்தது. நான் சட்டத்தின் பக்கம். மலாவி ஏரியில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன் இனங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் குளத்து மீன் ஆற்றுக்கும் ஏரிக்கும் போய்விடும் என்பதை 2015-இல் பார்த்தேன். நம் ஊரில் 1952-இல் வந்த ஜிலேபி மீன் இன்று எந்த ஏரியில் இல்லை?

மகும்பா என்ற உள்ளூர்த் திலேப்பியாவை ஆறு மாதம் வளர்த்தால் உள்ளங்கை அளவுதான் வரும். அது குறையல்ல. தலையோடு முள்ளோடு முழுதாகச் சாப்பிடும் சிறு மீனில்தான் குழந்தைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் வைட்டமினும் இருக்கின்றன. வங்கதேசத்தில் மோலா என்ற குட்டி மீனைக் குளத்தில் சேர்த்து வளர்க்கும் வழியைப் பரப்பிய ஆய்வுக்காகத்தான் சகுந்தலா தில்ஸ்டெட் 2021-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெரிய மீன் சந்தைக்குப் போகும். சிறிய மீன் சட்டிக்குப் போகும்.

சதுர மீட்டருக்கு இரண்டு குஞ்சு விடுங்கள். மகும்பா சிறுவயதிலேயே வாயில் முட்டை அடைகாத்துப் பெருகிவிடும், குளம் முழுக்கப் பொடி மீனாகிவிடும். இரண்டு மாதம் கழித்து, மீன் ஓரளவு பெருத்த பின், நூறுக்கு ஐந்து ஆறு என்ற கணக்கில் உள்ளூர்க் கெளுத்தியை விட்டால் பொடிகளைத் தின்று கட்டுக்குள் வைக்கும். அது ஆப்பிரிக்காவுக்கே சொந்தமான மீன், அங்கே விடலாம். நம் ஊரில் அதை வளர்க்கத் தடை.

நன்றாகக் கவனித்த 200 சதுர மீட்டர் குளம் ஆண்டுக்கு 25, 30 கிலோ தரும். இதைக் கேட்டு உங்கள் மேலதிகாரி முகம் சுளிக்கலாம். பசி மாதத்தில் வாரம் இரண்டு தடவை அரை கிலோ மீன் ஒரு வீட்டுச் சட்டியில் விழுவது என்ன என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதனால்தான் ஒரேயடியாகக் குளத்தை வடிக்கச் சொல்ல மாட்டேன். நான்காம் மாதத்திலிருந்து தூண்டிலிலோ கூடையிலோ கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கட்டும். மொத்தமாக வடித்தால் அன்றைக்கு உறவெல்லாம் கரையில் நிற்கும், கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுப்பதும் வீண்போகாது. அடுத்த பஞ்சத்தில் அந்த உறவுதான் மாவு கொடுக்கும்.

கடைசி அறுவடையில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள். எல்லாரும் பெரியதை விற்றுவிட்டு, விலைபோகாத பொடியைத் திரும்பக் குளத்தில் விடுகிறார்கள். அப்படி நாலைந்து தலைமுறை போனால் வளராத மீன்தான் வம்சமாக நிற்கும். நன்றாக வளர்ந்தவற்றில் ஆணும் பெண்ணுமாக முப்பதை எடுத்துத் தாய்மீனாக வைக்க வேண்டும்.

பானையைத் தூக்கிக் காட்டினாரே அந்த அமாயி, 2016-இல் அதைச் செய்தார். வறட்சியால் குளம் பாதியாகச் சுருங்கியிருந்தது. பிள்ளைகள் சட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முப்பது பெரிய மீனை மூலையில் வலை கட்டி ஒதுக்கிவிட்டு மீதியைக் கொடுத்தார். நான் ஊர் திரும்பும் மாதத்தில் நான்கு வீடுகளுக்குக் குஞ்சு விற்றிருந்தார். மூன்று வீட்டார் காசு கொடுத்தார்கள். நான்காவது வீட்டில் காசு இல்லை. அந்த அறுவடைத் தவிட்டில் இரண்டு மூட்டை தலைச்சுமையாகக் கொண்டுவந்து பரணில் ஏற்றிவிட்டுப் போனார்கள்.